லாங்-ஈஸீ: தூர சாதனைக்குப் பின்னால் இருக்கும் பட்டறை வேலை

1979 டிசம்பரில் டிக் ரூட்டன் கலிபோர்னியாவின் மொஹாவியிலிருந்து கிளம்பி, 33 மணி 33 நிமிடம் தரையைத் தொடாமல் பறந்து, 7,725 கி.மீ. கடந்து அதே இடத்தில் வந்து இறங்கினார். 500 முதல் 1,000 கிலோ வரையிலான சி-1பி எடைப் பிரிவில் மூடிய சுற்றுத் தூரத்துக்கான உலக சாதனை அது. விமானம் அவருடைய தம்பி பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸீ. வரைபடத்தை வாங்கி அவரவரே பட்டறையில் கட்டிக்கொள்ளும், இரண்டு இருக்கை உள்ள சிறு விமானம். அது முதன்முதலாகப் பறந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1981 ஜூனில் டிக் இன்னொரு சாதனை படைத்தார். அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து கரீபியனில் உள்ள கிராண்ட் டர்க் தீவு வரை, சுமார் 7,344 கி.மீ., 30 மணி 8 நிமிடத்தில்.

எஞ்சின் என்னவோ சாதாரணமானதுதான். லைகமிங் ஓ-235, 115 குதிரைத்திறன். செஸ்னா 152 பயிற்சி விமானத்தில் இருப்பதும் இதே குடும்பம். அப்படியானால் தூரம் எங்கிருந்து வந்தது? காற்றுத்தடை, வெற்று எடை, எரிபொருள் ஏற்பாடு ஆகிய மூன்றிலிருந்து. மூன்றையும் தீர்மானிப்பது விமானத்தைக் கட்டுகிறவரின் கைதான். வரைபடம் விற்கப்பட்ட காலத்தில் (1980 முதல் 1985 வரை) அதை வாங்கியவர்கள் பலர். ஒரே வரைபடம், ஒரே எஞ்சின். ஆனாலும் முடிந்த விமானங்களின் எடையும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறின.

எடையின் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். புறப்படும்போது 900 கிலோ, எரிபொருள் முழுதும் தீர்ந்தபின் 510 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தூரம் இந்த இரண்டு எடைகளின் விகிதத்தின் இயல் மடக்கையைப் பொறுத்தது: 900/510-க்கு 0.568. இப்போது விமானம் 10 கிலோ கனமாகக் கட்டப்பட்டுவிட்டது. மொத்த எடை அதே 900-தான், எனவே 10 கிலோ எரிபொருள் குறைகிறது. 900/520-க்கு 0.549. இழப்பு 3.4 சதவீதம். 7,725 கி.மீ.யில் அது ஏறக்குறைய 260 கி.மீ. பத்து கிலோ என்பது பெரிய பிழை ஒன்றும் இல்லை. துணியை ஒட்டி இறுகவைக்கும் ரெசின் பசையைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, மேலே கொஞ்சம் தாராளமாகப் பட்டி பார்த்தாலே வந்துவிடும்.

லாங்-ஈஸீக்கு வார்ப்பு அச்சு கிடையாது. ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்துக்கு அறுத்து, அதன் மேலேயே கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி என்ற ரெசினில் ஒட்டி, அதையே விமானத்தின் தோலாகவும் எலும்பாகவும் ஆக்குவதுதான் முறை. இறக்கைக்கு நீல பாலிஸ்டைரின் ஃபோம். அது பெட்ரோலில் கரையும். பாலியெஸ்டர் ரெசினிலும் கரையும். அதனால்தான் எபாக்ஸி, அதனால்தான் எரிபொருள் தொட்டிச் சுவர்களுக்கு பி.வி.சி. ஃபோம். வளைவுகளைச் செதுக்க யூரித்தேன் ஃபோம் வசதி, ஆனால் அதைச் சூட்டுக் கம்பியால் ஒருபோதும் அறுக்கக் கூடாது. வரும் புகை நஞ்சு. கத்தியும் உப்புத்தாளும் போதும்.

சூட்டுக் கம்பி அறுப்பில் வழக்கமாக வரும் கோளாறு கம்பி பின்தங்குவது. இரண்டு முனைகளிலும் கம்பிக்கு வழிகாட்டும் இறக்கை வடிவப் பலகை இருக்கும். கம்பியின் நடுப்பகுதி பின்னால் இழுபட்டு, முன்விளிம்பு வளைவில் நடுவில் மட்டும் ஃபோம் குழியாகிவிடும். வெப்பத்தைக் கூட்டி வேகமாக அறுத்தால் தீரும் என்று தோன்றும். சூடு கூடினால் ஃபோம் தேவைக்கு மேல் உருகி இறக்கை மெலிகிறது. கம்பியை நன்றாக இறுக்கி, நிதானமாக, பலகையில் குறித்த எண்களை இரண்டு பக்கமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நகர்த்துவதுதான் சரியான வழி.

துணி இரண்டு வகை. இரு திசை நெசவு துணியை 45 டிகிரியில் போடுவது முறுக்கத்தைத் தாங்க. ஒரு திசை இழைத் துணியை இறக்கையின் நீளவாக்கில் போடுவது வளைவைத் தாங்க. இழை சுருக்கமில்லாமல் நேராகக் கிடக்க வேண்டும். நெளிந்த இழை முதலில் நேராகத்தான் பார்க்கும், அதற்குள் பக்கத்து இழைகள் சுமையை வாங்கி ஒடிந்திருக்கும். ஃபோமின் மேல் முதலில் மைக்ரோ கூழ் தடவ வேண்டும்: எபாக்ஸியும் நுண் கண்ணாடிக் குமிழ்த் தூளும் கொள்ளளவில் ஏறக்குறைய சமம். இதைத் தவிர்த்தால் ஃபோமின் துளைகள் ரெசினை உறிஞ்சி, எடை கூடும். ஒட்டும் இடத்தில் வறட்சியும் வரும். தூளை இன்னும் கூட்டி, ஐந்து மடங்கு அளவுக்குச் சேர்த்தால் வழியாத உலர் மைக்ரோ கிடைக்கும். அது இடுக்கை நிரப்பவும் மேற்பரப்பு சமனாக்கவும்தான், சுமை தாங்காது. மூலைகளில் சுமை தாங்க வேண்டிய இடத்துக்குப் பருத்தித் தூள் கலந்த ஃபிளாக்ஸ்.

ரெசின் அளவுக்குக் கண்ணே தராசு. துணி முழுக்க ஈரமாகி நிறம் மாறியிருக்க வேண்டும், நெசவின் மேடுபள்ளம் தெரிய வேண்டும். வெள்ளைப் புள்ளி என்றால் காற்று. பளபளவென்று தேங்கி நின்றால் மிகை. ரப்பர் பட்டையால் வழித்து எடுத்துவிடுங்கள். 100 கிராம் துணிக்கு 65 முதல் 70 கிராம் ரெசின் நல்ல கைவேலை. சமமாகிவிட்டால் வலு கூடுவதில்லை, எடைதான் கூடுகிறது.

கலவை விகிதத்தை எடைத்தராசில் பார்க்க வேண்டும், அதுவும் அந்தந்த எபாக்ஸியின் சொந்த விகிதத்தில். பாலியெஸ்டரில் பழகியவர்கள் சீக்கிரம் இறுக ஹார்ட்னரை (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் பொருளை) கூட்டுவார்கள். எபாக்ஸியில் அது செல்லாது. மிஞ்சிய ஹார்ட்னருக்குச் சேர ஆள் இல்லாமல் அது நிரந்தரமாக மென்மையாகத் தங்கிவிடும். வேகம் வேண்டுமென்றால் அறையைச் சூடாக்குங்கள். 25 டிகிரி நல்ல வெப்பநிலை. ஒரே கோப்பையில் நிறையக் கலந்தால் அதன் சொந்தச் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும். நூற்றைம்பது, இருநூறு கிராமாகக் கலந்து உடனே துணியில் பரப்ப வேண்டும். ஈரக்காற்று நாளில் சில எபாக்ஸிகளின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். அதை வெந்நீரில் துடைக்காமல் அடுத்த அடுக்கு போட்டால் ஒட்டாது. அடுத்து ஒட்டப்போகும் இடங்களில் பீல் பிளை துணியை (இறுகியபின் உரித்து எடுக்கும் துணி) பதித்து வைத்தால் பாதி உப்புத்தாள் வேலை மிச்சம். கை உறை விஷயத்தில் சோம்பல் வேண்டாம்: எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் திரும்பிப் போவதில்லை, கட்டிய பாதி விமானத்தை விற்றுவிட வேண்டியதுதான்.

இறுகியபின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே தோல் ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கிறது. முன்விளிம்பும் இறக்கையின் வேர்ப்பகுதியும் முதலில் பார்க்க வேண்டியவை.

பட்டி பார்க்கும் கட்டம்தான் எடை ஏறும் கட்டம். நெசவை நிரப்ப மெல்லிய ஒரு பூச்சு போதும். நீளமான பலகையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தால் மேடுகள் தெரியும், மேட்டைத் தேய்த்துத் துணியை வெட்டிவிடாமல் பள்ளத்தை மட்டும் நிரப்ப வேண்டும். இந்த விமானத்தில் இறக்கையும் எஞ்சினும் பின்னால் இருக்கின்றன. பின்னால் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் ஈடுகட்ட மூக்கில் ஈயம் வைக்க நேரும். எடை இரண்டு முறை ஏறுகிறது. நிறம் வெள்ளைதான். வெயிலில் நின்ற அடர்நிற மேற்பரப்பு, அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி மென்மையாகும் அளவுக்குச் சூடேறும்.

முன்னிறக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனார்ட் எனும் இந்த முன்னிறக்கை, முதன்மை இறக்கைக்கு முன்பே ஸ்டால் ஆகும்படி, அதாவது தூக்குவிசையை இழக்கும்படி, கோணம் வைக்கப்பட்டிருக்கிறது. மூக்கு தானே சற்றுக் கவிழ்கிறது, பின்னிறக்கை ஸ்டால் ஆவதில்லை. இது இலவசப் பாதுகாப்பு அல்ல; இரு இறக்கைகளின் சாய்கோணமும் வரைபடத்தின்படி இருந்தால்தான் உண்டு. ரசமட்டப் பலகைகளை இறக்கைகளில் தற்காலிகமாக ஒட்டி, இடது, வலது, முன்னிறக்கை மூன்றையும் ஒரே நாளில், ஒரே மட்டத்தை வைத்து ஒப்பிட வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் சிறு வித்தியாசம் இருந்தாலும் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து பறக்கும். அதை ட்ரிம் (சாய்வை ஈடுகட்டும் நிலையான திருத்தம்) வைத்துச் சரிசெய்தால் முழுப் பயணத்துக்கும் தடையைச் சுமக்கிறீர்கள்.

ஈர்ப்பு மையம் பின் எல்லையைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. எனவே முதல் பறப்பு எப்போதும் எல்லைகளின் முன்பாதியில்.

தொடக்கத்து முன்னிறக்கையின் குறுக்குவெட்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. வறண்ட காற்றில் அபாரம். மழைத்துளி படிந்தாலோ பூச்சி ஒட்டினாலோ அதன் மேல் வழுவழுப்பாக ஓடும் காற்று சீக்கிரமே கலங்கி, தூக்குவிசை குறையும். மூக்கு கீழே இறங்கப் பார்க்கும், விமானத்தை ஓட்டும் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். தரையிறங்கும் வேகமும் கூடும். ஜான் ரான்ஸ் பின்னர் வடிவமைத்த 1145எம்.எஸ். குறுக்குவெட்டு இதைத் தீர்த்தது. பழைய முன்னிறக்கை உள்ள விமானத்தை வாங்குகிறவர், மழையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று உயரத்தில் பார்த்துக்கொள்ளாமல் தூரப் பயணம் போகக் கூடாது.

எரிபொருள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகள், மொத்தம் சுமார் 197 லிட்டர். தொட்டி என்று தனியாக ஒன்றும் இல்லை, உடலின் சுவரே தொட்டி. ஊசித்துளைக் கசிவுதான் இங்கே எதிரி. மூடுவதற்கு முன்பே உட்சுவர் முழுவதும் ஒரு கூடுதல் எபாக்ஸிப் பூச்சு கொடுத்துவிட வேண்டும். மூடியபின் உள்ளே கை போகாது. சோதனைக்கு ஏர் கம்ப்ரஸரை மாட்டுவது தொட்டியைப் பிளக்கும் வழி. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஒரு சதுர மீட்டர் தளத்தில் அது 700 கிலோ. தெளிவான குழாயில் நீர் நிரப்பிய மானோமீட்டரில் (அழுத்தமானியில்) சில சென்டிமீட்டர் உயர்வே போதும். அதிலும் ஒரு பொறி: அறை வெப்பம் ஒரு டிகிரி மாறினால் மூடிய தொட்டியில் 3.5 செ.மீ. நீர் அளவுக்கு அழுத்தம் மாறும். வெயில் ஏறும் நேரத்தில் சோதித்தால் கசியும் தொட்டியும் தேறிவிடும். சந்தேகம் இருந்தால் சோப்பு நீர்.

தொட்டியின் காற்றுக்குழாயில் பூச்சி கூடு கட்டினால் எரிபொருள் இறங்காது. நிறுத்தி வைக்கும்போது மூடி, கிளப்பும்போது நினைவாக எடுக்கும்படி சிவப்பு நாடாவோடு. எத்தனால் கலந்த பெட்ரோல் சில எபாக்ஸிகளையும் அடைப்புப் பசைகளையும் கரைக்கும். உங்கள் ரெசினின் துண்டை ஒரு சீசாவில் சில வாரம் ஊறவைத்துப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

இரண்டு தொட்டிகளையும் ஒன்றாகத் திறக்கும் நிலை வால்வில் இல்லை: இடது, வலது, அடைப்பு, அவ்வளவுதான். எனவே வால்வு எங்கே இருக்கிறது என்பது உயிர் விஷயம். வரைபடத்தில் அது விமானியின் முன்னே, கால்களுக்கிடையே உள்ள இடத்தில். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் மான்டெரே வளைகுடாவில் விழுந்து இறந்த லாங்-ஈஸீயில், கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திருப்புவதற்கு உடலையே முறுக்க வேண்டும், முறுக்கும்போது கால் வலது ரடர் (திசைச் சுக்கான்) மிதியை அழுத்திவிடும். கைப்பிடியில் குறி இல்லை. எரிபொருள் காட்டும் கண்ணாடியும் விமானிக்குப் பின்னால். பெட்ரோல் குழாயை விமானி அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதுதான் அந்த மாற்றத்தின் நோக்கம், நல்ல எண்ணம்தான். வரைபடத்திலிருந்து விலகும் எந்த மாற்றத்தையும், இருக்கைப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடித் தொட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாதனைப் பயணத்தில் கூடுதல் தொட்டி வைத்த இடம் பின் இருக்கை. இது தற்செயல் இல்லை. லாங்-ஈஸீயில் பின் இருக்கை ஈர்ப்பு மையத்துக்கு அருகில் இருப்பதால், அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை பெரிதாக நகராது. எரிபொருளுக்கும் அதுவே பொருந்தும். தொட்டியை நிறுத்தும் தாங்கிகளை மோதல் சுமைக்குக் கணக்கிட வேண்டும், உள்ளே தடுப்புச் சுவர்கள் வேண்டும், அலம்பல் இல்லாமல் இருக்க. பின் தொட்டியிலிருந்து பக்கத் தொட்டிக்கு மாற்றும்போது அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்தே பம்பைப் போட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்குழாய் வழியே வெளியே கொட்டும், அதுவும் நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் கிலோமீட்டர்கள்தான். மாற்றும் குழாய் வழியே பின் தொட்டியைத் தரையிலேயே ஒருமுறை முழுக்கக் காலி செய்து, கடைசியில் எத்தனை லிட்டர் ஏறாமல் தங்குகிறது என்று அளந்து எழுதி வைக்கவும்.

பாரமாகக் கிளம்புவதில் லாங்-ஈஸீக்கு ஒரு பலவீனம். புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால் அதன் காற்று, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் மேல் வீசாது. ஓடுபாதையில் வேகம் வரும்வரை மூக்கு எழாது. வழக்கமான உச்ச எடை 601 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் ஓட்டமும் நீளும், சிறிய சக்கரங்களும் திணறும். மொஹாவி கடல்மட்டத்துக்கு 850 மீட்டர் மேலே இருப்பதால் பகல் சூட்டில் காற்று இன்னும் மெலியும். எனவே விடியற்காலை, நீளமான ஓடுபாதை, டயரில் கூடுதல் காற்று. மூக்குச் சக்கரம் தானே திரும்பும் வகை. திசை திருப்ப ஒருபக்க பிரேக்தான். எதிர்க்காற்றில்லாமல் பக்கக்காற்றில் நெடுந்தூரம் தரையில் ஓட்டினால் பிரேக் கொதித்து, கண்ணாடி இழையால் ஆன சக்கரக்கால் சூட்டில் இளகும். கிளம்புவதற்கு முன் ஓடுபாதை முனை வரை இழுத்துக்கொண்டு போவது அவமானம் இல்லை.

பறக்கத் தொடங்கியபின் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. எடை 900-லிருந்து 510-க்கு இறங்கினால், சிறந்த தூரம் தரும் வேகம் எடையின் வர்க்கமூலத்தின்படி முக்கால் பங்காகும். அதே உயரத்தில் தேவைப்படும் திறன் 43 சதவீதமாகும். காலையில் வைத்த திராட்டிலை (எஞ்சின் விசைக் கைப்பிடியை) அப்படியே விட்டுவிட்டால் இரண்டாம் பாதியில் வேகமாகப் போய்த் தூரத்தை இழப்பீர்கள். மணிக்கொருமுறை எரிந்த எரிபொருளைக் கழித்து, அட்டையில் முன்பே எழுதிய வேகத்துக்கு இறங்க வேண்டும். உதாரணமாக 46 குதிரைத்திறனில், குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.2 கிலோ எரிபொருள் என்று கொண்டால் மணிக்கு 9.2 கிலோ, அதாவது 13 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கலவையை மெலிதாக்கும்போது நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி வெளியேற்ற வெப்பமானி இருக்க வேண்டும்; கார்பரேட்டர் எஞ்சினில் நான்கும் ஒரே அளவு கலவையைப் பெறுவதில்லை.

ஆயிலை மறந்துவிடுவார்கள். பத்து மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும் எஞ்சின் 33 மணி நேரத்தில் 3.3 லிட்டர் குடிக்கும். மொத்தக் கொள்ளளவே ஆறு லிட்டருக்குக் கீழே. உள்ளிருந்து ஆயில் சேர்க்க வழி இல்லாமல் நெடும்பயணம் கிடையாது.

பின்னால் சுழலும் புரொப்பெல்லருக்கு வேறு சில கவலைகள். விமானத்திலிருந்து கழன்று விழும் எதுவும் அதன் வழியேதான் போகும்: எண்ணெய் மூடி, வெளியேற்றுக் குழாயின் ஒரு நட்டு, சரியாக மூடாத விதானத்திலிருந்து (விமானி அறையின் கண்ணாடி மூடியிலிருந்து) பறக்கும் வழி வரைபடம். எஞ்சின் பெட்டியில் பாதுகாப்புக் கம்பி இல்லாத போல்ட் ஒன்றும் இருக்கக் கூடாது. விதானத்துக்கு இரண்டாவது கொக்கியும், மூடாமல் கிளம்பினால் அலறும் சுவிட்சும் கட்டாயம். மரப் புரொப்பெல்லர் வறண்ட காற்றில் சுருங்கி போல்ட் தளரும். தளர்ந்த போல்ட் அசைந்து மரத்தைக் கருக்கும். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகும், பருவம் மாறும்போதும், ஈரக்காற்றுப் பகுதியிலிருந்து பாலைவனத்துக்குப் போனாலும், இறுக்கத்தை அளக்கும் முறுக்குத் திருகியால் போல்ட்களைப் பார்க்க வேண்டும். மழையில் அதன் முன்விளிம்பு அரிக்கும்.

தடையைக் குறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்பினால் மைக் ஆர்னால்டு கட்டிய ஏ.ஆர்-5 என்ற சிறு விமானம் நல்ல சான்று. 1992-ல் 65 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் எஞ்சினில் மணிக்கு 343 கி.மீ. என்னைக் கேட்டால், குதிரைத்திறனைக் கூட்டச் செலவிடும் நேரத்தில் எஞ்சின் குளிர்காற்று கசியும் இடுக்குகளை சிலிகான் பசையால் அடைப்பது மேல். உள்ளே வந்த காற்று சிலிண்டர் இறகுகள் வழியே போகாமல் இடுக்கில் நழுவினால், அது தடையைத் தருகிறது, குளிர்ச்சியைத் தருவதில்லை.

1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜரும் இதே குடும்ப எண்ணம்தான், 9 நாள் 3 நிமிடம், சுமார் 40,200 கி.மீ. அதன் கிளம்பலில் எரிபொருள் பாரத்தால் இறக்கை முனைகள் வளைந்து ஓடுபாதையில் தேய்ந்து, முனைத் தகடுகள் பிய்ந்துபோயின. 1997-ல் டிக் ரூட்டனும் மைக் மெல்வில்லும் இரண்டு லாங்-ஈஸீகளில், நின்று நின்று, உலகைச் சுற்றி வந்தார்கள்.

அமெரிக்காவில் இந்த வகை விமானத்துக்குப் பெரும்பகுதி வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் படமும் குறிப்பும் வைத்திருந்தால் ஆய்வாளர் வரும் நாள் சுலபம். பிறகு குறிப்பிட்ட பகுதிக்குள் சோதனைப் பறப்பு: சான்று பெற்ற எஞ்சின்-புரொப்பெல்லர் இணை என்றால் 25 மணி, இல்லையென்றால் 40. இந்த மணிகளை வட்டமடித்தே தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. வெவ்வேறு எடையில், வெவ்வேறு உயரத்தில், மணிக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணை எடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

தரையிறங்கியபின்: விமானி இல்லாதபோது ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் போய்விடும், விமானம் பின்பக்கமாகச் சாய்ந்து புரொப்பெல்லரில் உட்கார்ந்துவிடும். எனவே பின் இருக்கைக்காரர் முதலில் இறங்க வேண்டும். அதன்பின் மூக்குச் சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் சாய்த்து நிறுத்துவதுதான் வழக்கம். அடியில் ரப்பர் திண்டு இருக்கும். முப்பது மணி பறந்து மரத்துப்போன காலோடு, இறங்கும் விமானிக்கு இது நினைவில் இருக்காது. தரையில் நிற்கும் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.